சொந்த லாரி ஓட்டுபவர் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி: டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் முதல் லாரி வாங்கும் பையன்கள் என்னிடம் வரும்போது கையில் ஒரு கொட்டேஷன் இருக்கும். "அண்ணா, மாதம் இவ்வளவு கேட்கிறான், கொடுக்கலாமா?" என்பார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. லாரி கவிழ்ந்து கிடக்கும் நாளில் யார் யார் உங்களிடம் பணம் கேட்டு வருவார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் பிரீமியத்தைப் பற்றிப் பேச்சு.

இது ஒரே ஒரு ஹார்ஸும் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) ஒன்றிரண்டு டிரெய்லரும் வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஜொஹன்னஸ்பர்க் பக்கம் ஓடுபவர்களுக்காக எழுதியது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றில் கிடைக்கும் தகவல் அடுத்ததற்குத் தேவைப்படும்.

1. பேச்சைத் தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

ஹார்ஸுக்கும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் தனித்தனிப் பதிவுச் சான்றிதழ். ரோட்வர்த்தி சான்றிதழ் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்பதற்கு), ஆபரேட்டர் கார்டு. ஓட்டப்போகிறவரின் லைசென்ஸ், பிஆர்டிபி (தொழில்முறை டிரைவருக்கான பெர்மிட்) இரண்டின் இருபக்க நகல். கடன் இருந்தால் வங்கியின் செட்டில்மென்ட் கடிதம். டிராக்கர் பொருத்திய சான்றிதழ். கடந்த மூன்று ஆண்டு கிளெய்ம் விவரம். லாரிக்கு அப்படி எதுவும் இல்லாவிட்டால் உங்கள் கார் பாலிசியின் விவரத்தையாவது வாங்கிவையுங்கள், வெறுங்கையோடு போவதற்கு அது மேல்.

இதையெல்லாம் முன்கூட்டியே சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொட்டேஷன் நீங்கள் சொல்லும் பதில்களின் மேல் நிற்கிறது. போனில் நினைவிலிருந்து சொன்ன ஒரு பதில் தவறாக இருந்தால், கிளெய்ம் நாளில் அதற்குப் பெயர் "உண்மையை மறைத்தது".

அதில் ஒரு பதில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்: வண்டி எதற்காக ஓடுகிறது? சொந்தச் சரக்கை ஏற்றும் லாரி வேறு, கூலிக்கு அடுத்தவர் சரக்கை ஏற்றும் லாரி வேறு. பிளாக் யார்டு வைத்திருக்கும் மாமாவிடமிருந்து லாரி வாங்கிய ஒரு பையன், அவருடைய பாலிசியையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அதில் "சொந்தச் சரக்கு" என்று இருந்தது. அவனோ முதல் வாரத்திலேயே அடுத்தவர் கன்டெய்னரை ஏற்ற ஆரம்பித்துவிட்டான். நான் பார்த்துச் சொல்லும்வரை இரண்டு மாதம் பிரீமியம் கட்டிக்கொண்டே இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கிறான்.

2. லோட் கொடுப்பவரிடம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள்

பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடமிருந்தோ கிளியரிங் ஏஜென்ட்டிடமிருந்தோ லோட் எடுப்பவர்களுக்கு இந்தப் படிதான் அளவுகோல். சரக்குக்கு ஒரு லோடுக்கு எவ்வளவு கவர் வேண்டும், அடுத்தவர் சொத்துக்கு எவ்வளவு, சாஸ்ரியா (கலவரச் சேதத்துக்கான கவர்) கட்டாயமா, எத்தனை டிராக்கர் என்றெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் பாலிசி எடுத்தால் முதல் லோடுக்குப் போன அன்றே கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: சேதம் யார் தவறால் நடந்தாலும் கேரியரே, அதாவது சரக்கை ஏற்றிச் செல்பவரே, முழுப் பொறுப்பு என்பது போன்ற வாசகம். நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால், சட்டப்படி உங்கள் மேல் வராத பொறுப்பையும் நீங்களே விரும்பி ஏற்றுக்கொள்கிறீர்கள். அப்படி ஒப்பந்தத்தால் வந்த பொறுப்புக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே புரோக்கருக்கு ஈமெயிலில் அனுப்பி, "இதற்கு கவர் உண்டா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

3. சட்டம் எதைப் பார்த்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது

தென்னாப்பிரிக்காவில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. இதைக் கேட்டுப் பலர் நிம்மதியடைகிறார்கள். கவலைப்பட வேண்டிய விஷயம் அது.

ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்ட் இருக்கிறது. டீசல் போடும் ஒவ்வொரு லிட்டரிலும் அதற்கு நீங்கள் லெவி கட்டுகிறீர்கள். விபத்தில் காயப்பட்டவர்களுக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் அது நஷ்டஈடு தரும். 2008 ஆகஸ்டு முதல், காயத்துக்காக டிரைவர் மேலோ உரிமையாளர் மேலோ தனியாக வழக்குப் போடுவதற்கான வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஆனால் உடைந்த பொருளுக்கு அந்த ஃபண்ட் ஒரு சென்ட் கூடத் தராது. நீங்கள் இடித்த கார், சாலைத் தடுப்பு, சுங்கச்சாவடிக் கூண்டு, எதிரே வந்த இன்னொரு லாரி எல்லாம் உங்கள் கணக்கு.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். உங்களை இடிப்பவரிடம் இன்சூரன்ஸ் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. பாலிசியில்லாத பழைய பக்கி (சின்ன பிக்கப் வண்டி) வந்து மோதினால், தவறு அவருடையதாகவே இருந்தாலும் பணம் உங்கள் பாலிசியிலிருந்துதான் வர வேண்டும்.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் அவரை, வேலையில் காயப்படுபவர்களுக்கான கம்பென்சேஷன் ஃபண்டில் பதிவு செய்தாக வேண்டும். 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம் அப்படிச் சொல்கிறது. வருடா வருடம் சம்பளக் கணக்கைக் கொடுத்து, லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் (ஃபண்டில் உங்கள் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்ற கடிதம்) வாங்க வேண்டும். பெரிய கம்பெனிகள் லோட் தருமுன் அந்தக் கடிதத்தைக் கேட்கும். கம்பெனி பதிவு செய்யாமல் தனி ஆளாக நீங்களே ஓட்டினால் அந்த ஃபண்ட் உங்களைத் தொழிலாளியாகக் கணக்கில் எடுக்காது. கால் உடைந்து மூன்று மாதம் படுத்தால் லாரியும் மூன்று மாதம் நிற்கும், வங்கித் தவணை நிற்காது. ஊனம், வருமானம் இரண்டுக்கும் தனியாக ஒரு பாலிசி எடுங்கள். லாரியின் கண்ணாடிக்கு எக்ஸ்ட்ரா கவர் எடுத்துவிட்டு, ஓட்டும் தன் உடம்புக்கு எதுவும் எடுக்காதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

4. லாரிக்கு எவ்வளவு மதிப்புப் போடுவது

கடன் இருந்தால் வங்கி முழுக் கவரைக் கேட்கும், அதில் உங்களுக்குத் தேர்வு கிடையாது. கடன் முடிந்த பழைய ஹார்ஸ் என்றால் தேர்ட் பார்ட்டி, தீ, திருட்டு மட்டும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அந்த லாரி போனால் இன்னொன்றை கையிருப்பிலிருந்து வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் முழுக் கவர்தான்.

அடுத்து மதிப்பு. ரீடெயில் விலையா, மார்க்கெட் விலையா, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலையா என்று ஷெட்யூலில் (பாலிசியோடு வரும் விவரப் பட்டியல்) எழுதியிருக்கும். டீலரிடம் அதே மாடல், அதே ஆண்டு, அதே கிலோமீட்டர் ஓடிய வண்டி வாங்க எவ்வளவு ஆகுமோ அதுதான் உங்களுக்குத் தேவையான எண். ஹைட்ராலிக்ஸ், புல்பார், டார்ப்பாலின் அமைப்பு போன்றவற்றை நீங்கள் பின்னால் பொருத்தியிருந்தால் தனியாக எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாதது வண்டியில் இல்லாதது.

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. "முழுசா போனால்தானே அந்தத் தொகை, சின்ன ரிப்பேருக்கு என்ன?" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். லாரியின் உண்மை மதிப்பு 12 லட்சம் ரேண்ட், நீங்கள் போட்டது 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது முக்கால் பங்குக்குத்தான் இன்சூரன்ஸ். பாலிசியில் ஆவரேஜ் விதி இருந்தால் 2 லட்சம் ரேண்ட் ரிப்பேருக்கும் முக்கால் பங்கான 1,50,000 மட்டும் வரும். அதில் 10% எக்ஸஸ் (கிளெய்மில் உங்கள் பங்காகக் கழிக்கும் தொகை) போனால் கையில் 1,35,000. மிச்சம் 65,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து. மாதா மாதம் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடும்.

வாட் பதிவு செய்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லாரி முழுதாகப் போய் இன்சூரன்ஸ் தொகை வந்தால், அதில் 115-இல் 15 பங்கை வரித்துறைக்கு அவுட்புட் வாட்டாகக் கட்ட வேண்டும். வாட் இல்லாமல் 10 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால், 10 லட்சம் வந்ததும் அதில் சுமார் 1,30,000 வரிக்குப் போகும். கடன் இருந்தால் இன்னும் மோசம்: வங்கி முதலில் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும், வரி பாக்கி உங்கள் தலையில் இருக்கும். அதனால் வாட் சேர்த்த விலைக்கே இன்சூர் செய்யுங்கள். வண்டி மதிப்பை விட வங்கிப் பாக்கி அதிகமாக இருந்தால் கிரெடிட் ஷார்ட்ஃபால் கவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

டிரெய்லரைப் பற்றி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் இன்டர்லிங்க் (ஒன்றோடொன்று இணைத்த இரண்டு டிரெய்லர்) ஓட்டியபோது முன் டிரெய்லர் என்னுடையது, பின் டிரெய்லர் வாடகை. ஷெட்யூலில் என் டிரெய்லர் எண் மட்டும் இருந்தது. என்3-இல் டவுன் ஹில் (Town Hill) என்ற இறக்கத்தில் மழையில் பின் டிரெய்லர் சறுக்கித் தடுப்பில் சாய்ந்தது. ஹார்ஸுக்குப் பணம் வந்தது, முன் டிரெய்லருக்கு வந்தது. வாடகை டிரெய்லருக்கான பணத்தை அதன் சொந்தக்காரருக்கு 14 மாதம் தவணையில் கட்டினேன். ஒரு பதிவெண். அந்த ஒரு வரியைச் சேர்க்க அன்றைக்கு ஒரு ஈமெயில் போதுமாக இருந்திருக்கும். இப்போது டிரெய்லர் மாறினால், லோட் ஏற்றும் முன்னாலேயே புரோக்கருக்கு மெசேஜ் போய்விடும்.

5. அடுத்தவர் சொத்துக்கான தொகை

இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். லாரியின் மதிப்புக்கு ஒரு எல்லை உண்டு, அது யாரை இடிக்கும் என்பதற்கு எல்லை இல்லை. 2013 செப்டம்பரில் பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி நான்கு மினிபஸ் டாக்ஸிகள் மேல் ஏறி 24 பேர் இறந்ததை டர்பனில் யாரும் மறக்கவில்லை. உயிருக்கும் காயத்துக்கும் ஃபண்ட் இருக்கிறது, சரி. அதே இறக்கத்தில் வரிசையாக நின்ற விலை உயர்ந்த கார்களும் ஒரு டாங்கரும் இருந்தால் சொத்துச் சேதம் எவ்வளவு வரும் என்று எண்ணிப் பாருங்கள். தொகையை இரட்டிப்பாக்கினால் பிரீமியம் இரட்டிப்பாகாது, கொஞ்சம்தான் ஏறும். இரண்டு விலையையும் கேட்டு வாங்குங்கள்.

இதோடு சேர்ந்து வரும் மூன்று சின்ன வரிகளைத் தேடுங்கள். சிதைந்த வண்டியை அப்புறப்படுத்தும் செலவு, மீட்பு கிரேன் செலவு, சாலையில் கொட்டியதைச் சுத்தம் செய்யும் செலவு. ஒரு ஹார்ஸின் டாங்கில் நூற்றுக்கணக்கான லிட்டர் டீசல் இருக்கிறது. அது ஓடைக்குள் போனால் சுத்தம் செய்யும் பொறுப்பு 1998-இன் சுற்றுச்சூழல் சட்டப்படி மாசு ஏற்படுத்தியவருடையது. லோட் ஏற்றிய லாரியைத் தூக்க வரும் கிரேன் பில் பல நேரம் ரிப்பேர் பில்லை விடப் பெரியது. எதற்கு எவ்வளவு உச்சவரம்பு என்று எண்ணாகப் பாருங்கள். "கவர் உண்டு" என்ற வாய்ப்பேச்சு போதாது.

6. சரக்குக்கான கவர்

இதை எல்லோரும் ஜிஐடி (குட்ஸ் இன் டிரான்ஸிட்) என்றே சொல்கிறார்கள். லாரியின் பாலிசியில் சரக்கு கிடையாது, தனிப் பிரிவாக எடுக்க வேண்டும்.

முதலில் தொகை. சராசரி லோடின் மதிப்பைப் போடாதீர்கள், வருடத்தில் நீங்கள் ஏற்றக்கூடிய மிகப் பெரிய லோடின் மதிப்பைப் போடுங்கள். மூன்று மாத இன்வாய்ஸ்களை எடுத்துப் பாருங்கள். 39 தடவை டைல்ஸும் சிமென்டும் ஏற்றியிருப்பீர்கள், நாற்பதாவது தடவை டி.வி. பெட்டிகள். ஹைஜாக் ஆவது பெரும்பாலும் அந்த நாற்பதாவது.

இரண்டாவது, எந்த வகைக் கவர். ஆல் ரிஸ்க்ஸ் என்பது விலக்கியவை தவிர மற்றதற்கெல்லாம் தரும். லிமிடெட் கவர் தீ, மோதல், கவிழ்தல் போன்று பெயர் சொன்னவற்றுக்கு மட்டும்தான் தரும். லிமிடெட் எடுத்தால் ஹைஜாக் அதில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், சிலவற்றில் இருக்காது. லாரி கவிழாமல் சரக்கு மட்டும் சரிந்து உடைவது இன்னொரு பொறி. வளைவில் ஸ்ட்ராப் அறுந்து பாலெட் விழுந்தால், "மோதலும் இல்லை, கவிழவும் இல்லை" என்று பதில் வரும்.

மூன்றாவது, விலக்குப் பட்டியல். செம்பு, சிகரெட், மது, செல்போன் போன்றவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், அல்லது எஸ்கார்ட் வண்டி வேண்டும் என்பார்கள். தாமதத்தால் வரும் நஷ்டமும் விலக்குதான். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி பெய்து என்3 அடைபட்டபோது எத்தனையோ லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. லாரிக்கு ஒன்றும் ஆகாமல், தாமதத்தால் மட்டும் கெட்டுப்போன சரக்குக்கு சாதாரண ஜிஐடி உதவாது. ஃப்ரிட்ஜ் டிரெய்லர் ஓட்டுபவர்கள் குளிர்ப்பெட்டி பழுதாவதற்கும் சரக்கு கெடுவதற்கும் தனிக் கவர் கேட்க வேண்டும். வெப்பநிலைப் பதிவையும் சேமித்துவைக்க வேண்டும், கிளெய்மில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

நான்காவது, டிரைவரே கூட்டாளியாக இருந்து சரக்கைத் திருடினால்? பெரும்பாலான ஜிஐடி தராது. ஃபிடலிட்டி கவர் என்று ஒன்று தனியாக இருக்கிறது. நீங்களே ஓட்டும்வரை தேவையில்லை. இன்னொருவர் கையில் சாவியைக் கொடுக்கும் மாதத்தில் அதை எடுங்கள்.

கன்டெய்னர் ஏற்றுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பெட்டியும் ஷிப்பிங் லைனின் சொத்து. உள்ளே இருக்கும் சரக்குக்குக் கவர் இருக்கலாம், பெட்டிக்கு இருக்காது. பெட்டிக்கும் கவர் உண்டா என்று கேளுங்கள். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகும் வழியில் சேதமானால் என்ன என்றும் கேளுங்கள்.

7. சாஸ்ரியா இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்

கலவரம், வேலைநிறுத்தம், பொதுமக்கள் கொந்தளிப்பு ஆகியவற்றால் வரும் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனி எதுவும் தராது. அதற்கு அரசுக்குச் சொந்தமான சாஸ்ரியா மட்டும்தான். உங்கள் பாலிசியோடு சேர்த்து எடுக்கலாம், ஆனால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஷெட்யூலில் அந்தப் பெயருக்கு நேரே தொகை இருக்கிறதா பாருங்கள்.

என்3-இல் ஓடுபவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2018 ஈஸ்டர் சமயத்திலும் 2021 ஜூலைக் கலவரத்திலும் மூய் ரிவர் சுங்கச்சாவடி அருகே லாரிகள் எரிந்தன. 2023 ஜூலையில் வான் ரீனன் கணவாயில் ஒரே இரவில் ஆறு லாரிகள். காலையில் போட்டோ பார்த்தபோது எல்லோரும் முதலில் தேடியது தங்கள் டிரெய்லர் நிறத்தைத்தான்.

புதியவர்கள் தவறும் இடங்கள் மூன்று. லாரிக்கு சாஸ்ரியா எடுத்துவிட்டுச் சரக்குக்கு எடுக்காமல் விடுவது முதலாவது, இரண்டும் தனித்தனி. எது சாஸ்ரியா, எது சாதாரண பாலிசி என்று குழம்புவது இரண்டாவது. போராட்டக்காரர்கள் கல்லெறிந்தால் சாஸ்ரியா. கொள்ளையடிக்கப் பாலத்திலிருந்து கல்லைப் போட்டால் சாதாரண பாலிசி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பேஹெட் ரோடு பெயர்ந்து கன்டெய்னர்கள் மிதந்தனவே, அது இயற்கைச் சேதம், அதுவும் சாதாரண பாலிசி. போலீஸில் புகார் கொடுக்கும்போது என்ன நடந்தது என்பதை உள்ளபடி சரியாகச் சொன்னால்தான் கிளெய்ம் சரியான வாசலுக்குப் போகும். மூன்றாவது, சாலை அடைபட்டு ஒரு வாரம் ஓடாமல் போன வருமானத்தையும் தருவார்கள் என்று நம்புவது. லாரிக்கு எடுத்த சாஸ்ரியா லாரிக்கான சேதத்துக்கு மட்டும்தான்.

சாஸ்ரியா விலையை உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு செய்வதில்லை, எங்கே எடுத்தாலும் அதே கணக்குதான். ஆகவே ஒரு கொட்டேஷன் வழக்கத்துக்கு மீறி மலிவாக இருந்தால் இந்த வரி விடுபட்டிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எல்லை தாண்டி ஓடுபவர்களுக்கு: சாஸ்ரியா தென்னாப்பிரிக்காவுக்குள் மட்டும். பெய்ட்பிரிட்ஜ் தாண்டி ஜிம்பாப்வேக்கோ, லெபோம்போ தாண்டி மொசாம்பிக்குக்கோ போவதென்றால் பாலிசியின் நில எல்லையை முதலில் பாருங்கள். எல்லை தாண்டும் பெர்மிட் வேறு, இன்சூரன்ஸ் வேறு.

8. எக்ஸஸை ரேண்டில் எழுதிப் பாருங்கள்

"10%, குறைந்தது இவ்வளவு" என்று இருக்கும். பத்து சதவீதம் கேட்கச் சின்னதாகத் தெரியும். 12 லட்சம் ரேண்ட் லாரி திருடுபோனால் அது 1,20,000. அதற்கு மேல் அடுக்கடுக்காக வரும்: டிரைவர் வயது குறைவு என்றால் ஒன்று, அனுபவம் குறைவு என்றால் ஒன்று, தனியாகக் கவிழ்ந்தால் ஒன்று, ஹைஜாக் என்றால் ஒன்று. இவை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடுமா என்று கேளுங்கள். கூடும் என்றால் மோசமான நாளுக்கான முழுத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பணம் உங்களிடமோ, கேட்டதும் தரக்கூடிய அண்ணன் தம்பியிடமோ இல்லையென்றால் அந்தக் கொட்டேஷன் உங்களுக்கானதல்ல.

9. நிபந்தனைப் பக்கம்

கிளெய்ம்கள் மறுக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். தவறான கவர் எடுத்ததால் பணம் இழந்தவர்களை விட, சரியான கவர் எடுத்துவிட்டு ஒரு காலாவதித் தேதியைத் தவறவிட்டவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிஆர்டிபி. சரக்கு வகைக்கு இரண்டு ஆண்டு செல்லுபடி, ஆபத்தான பொருள் வகைக்கு ஓராண்டு. லைசென்ஸ் கார்டோ ஐந்து ஆண்டு. இரண்டும் ஒரே கார்டில் இருப்பதால் கார்டின் தேதியைப் பார்த்துவிட்டு பிஆர்டிபி தேதியை மறந்துவிடுகிறார்கள். இன்டர்லிங்க் இழுக்க கோட் இசி வேண்டும். தனி லாரிக்கான கோட் சி போதாது.

ரோட்வர்த்தி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். சோதனைக்குப் புதுப்பித்தால் மட்டும் போதாது, விபத்து நாளில் டயரும் பிரேக்கும் எந்த நிலையில் இருந்தன என்பதையே அசெஸ்ஸர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) பார்ப்பார். சட்டப்படி டயர் பட்டன் ஆழம் குறைந்தது 1 மில்லிமீட்டர். பாலிசி அதற்கு மேல் கேட்டால் பாலிசியின் எண்தான் உங்களுக்குச் சட்டம். டயர் வாங்கிய பில், பிரேக் வேலை செய்த பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கபிஹோலில் (டாஷ்போர்டு அறையில்) மட்டும் வைத்தால் லாரி எரியும்போது அதுவும் சேர்ந்து எரியும்.

எடை. முழுச் சேர்க்கைக்கு உச்சம் 56 டன். அது சரியாக இருந்தும் இரட்டை அச்சுத் தொகுதியில் 18 டன்னைத் தாண்டினால் அதுவும் ஓவர்லோட். ஏற்றுமதிக் கன்டெய்னருக்கு 2016 ஜூலை முதல் எடை பார்த்துச் சான்று தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. இறக்குமதிப் பெட்டிக்குத் தாளில் எழுதிய எடையைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் கிளம்பும் முன்பே எடைமேடையில் ஏற்றி, சீட்டை வாங்கி போட்டோ எடுங்கள்.

டிராக்கர். பொருத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்கி வையுங்கள். அதே டிராக்கர் உங்கள் வேகத்தையும் பதிவு செய்கிறது. 9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டர்தான் வேகம். இறக்கத்தில் 97 என்று பதிவாகியிருந்தால் அந்த வரியை அசெஸ்ஸர் மஞ்சள் பேனாவில் அடித்துக்கொண்டு வருவார்.

மது. தொழில்முறை டிரைவருக்கு ரத்தத்தில் அனுமதி 100 மில்லிக்கு 0.02 கிராம், மற்றவர்களுக்கு 0.05. முந்தின இரவுக் கல்யாண வீட்டுக் கணக்கு மறுநாள் காலையிலும் ரத்தத்தில் இருக்கும்.

இரவில் எங்கே நிறுத்தலாம், எந்த நேரத்தில் ஓட்டக்கூடாது என்றும் சில பாலிசிகள் சொல்லும். உங்களால் கடைப்பிடிக்க முடியாத நிபந்தனை இருந்தால் கையெழுத்துக்கு முன்பே சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

10. கொட்டேஷன்களை இப்போது ஒப்பிடுங்கள்

மூன்று போதும். எல்லோருக்கும் அதே தாளைக் கொடுங்கள்: அதே மதிப்பு, அதே ஜிஐடி தொகை, அதே டிரைவர், அதே ரூட். ஆளுக்கு ஒரு விவரம் சொன்னால் ஒப்பிடவே முடியாது.

புரோக்கரின் எஃப்எஸ்பி எண்ணை (நிதிச் சேவை லைசென்ஸ் எண்) கேட்டு, நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ தளத்தில் அது உண்மையா, கமர்ஷியல் பாலிசி விற்க அனுமதி உண்டா என்று பாருங்கள். மோட்டார் பாலிசியில் கமிஷனுக்கு 12.5% உச்சவரம்பு, மற்றவற்றில் 20%. அதற்கு மேல் "ஃபீஸ்" என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்கலாம், சொல்ல வேண்டியது அவர் கடமை. லாரி பாலிசிக்கு நான் நேரடியாக வாங்குவதை விடப் புரோக்கரையே விரும்புகிறேன். இரவு இரண்டு மணிக்கு வழியில் ஹாரிஸ்மித்திலிருந்து போன் பண்ணினால் எடுக்கும் ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி சும்மா போன் பண்ணிப் பாருங்கள், தப்பில்லை.

11. டெபிட் ஆர்டர்

டிசம்பரில் யார்டுகள் மூடிவிடும், ஜனவரியில் பணம் வர மாதக் கடைசி ஆகும். பிரீமியம் மட்டும் ஒன்றாம் தேதி வரும். அது பவுன்ஸ் ஆனால், இரண்டாவது மாதத்திலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. முதல் மாதத்துக்கு அந்த அவகாசம் கிடையாது, முதல் பிரீமியம் போகவில்லையென்றால் பாலிசியே தொடங்கவில்லை. உங்களுக்கு லோட் பணம் வரும் தேதிக்கு இரண்டு நாள் கழித்து டெபிட் தேதியை மாற்றச் சொல்லுங்கள். இன்சூரன்ஸுக்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்து இரண்டு மாதப் பிரீமியத்தை அதில் போட்டுவைத்தால் ஜனவரி பயம் இருக்காது.

12. விபத்து நாளும், மறுப்புக் கடிதமும்

யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். கேஸ் எண் வாங்காமல் நகராதீர்கள். "என் தப்புதான்" என்று சாலையில் யாரிடமும் சொல்லாதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள். பொறுப்பை நீங்களாக ஏற்றுக்கொண்டால் பாலிசி கைவிடலாம். கேட்காமல் வந்து நிற்கும் டோ டிரக்கில் ஏற்ற விடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் எமர்ஜென்சி எண்ணைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள், டிரைவர் போன் உடைந்தாலும் அது இருக்கும். டயர், ஸ்ட்ராப், சாலை, நான்கு பக்கமும் போட்டோ. சரக்கை யார் இறக்கி எங்கே கொண்டுபோனார்கள் என்று எழுதிவையுங்கள், நல்ல நிலையில் இருந்த பாதிச் சரக்கு வழியிலேயே காணாமல் போவதுண்டு.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து 90 நாள் உங்கள் பக்கத்தைச் சொல்ல அவகாசம் உண்டு. அதன் பிறகு நீதிமன்றம் போகக் குறைந்தது ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும். கடிதம் வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி மேல் புகாரை 2024 மார்ச்சில் தொடங்கிய நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட்டிடம் (நிதிப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) இலவசமாகக் கொடுக்கலாம். புரோக்கர் தவறாக ஆலோசனை சொன்னார் என்றால் அது நிதி ஆலோசனைப் புகார்களைப் பார்க்கும் ஃபைஸ் ஆம்புட்டுக்குப் போக வேண்டும். இரண்டிடமும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எழுத்தில் என்ன இருக்கிறது? இரண்டாவது படியில் புரோக்கரிடம் ஈமெயிலில் பதில் வாங்கச் சொன்னேனே, அதை அப்போது எடுத்து வையுங்கள்.